ப்ளீஸ் ஸ்பீக்

தலைமைப் பண்பு, மென்திறன் என்று இப்போது அரசு அலுவலகங்களிலும் வகுப்பு எடுக்கிறார்கள். 2020-இல் மத்திய அரசு 'மிஷன் கர்மயோகி' திட்டத்தைக் கொண்டுவந்த பிறகு, சாதாரண குமாஸ்தாகூடக் கம்ப்யூட்டரில் பாடம் கேட்டுச் சான்றிதழ் வாங்கலாம். நல்லதுதான். நான் வேலையில் சேர்ந்த அன்று எனக்குக் கிடைத்த பயிற்சி, "அதோ உங்க நாற்காலி, இதோ உங்க ஃபைல்" என்பதோடு சரி.

ஆனால் இந்த வகுப்புகளுக்குப் போய்வந்த பிள்ளைகளை விசாரித்தால், எல்லாமே பேச்சைப் பற்றித்தான் இருக்கிறது. எப்படிப் பேசுவது, எப்படிக் காதுகொடுத்துக் கேட்பது, கூட வேலை செய்பவர்களை எப்படி உற்சாகப்படுத்துவது. புதுச்சேரி அரசில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டிய என் அபிப்பிராயம் வேறு. மேலே இருப்பவர்கள் பேசத் தெரியாததால் எங்கள் அலுவலகங்கள் கெடவில்லை. பேசியதை எழுதிக் கையெழுத்துப் போடாததால்தான் கெட்டன.

எங்கள் ஊரில் ஃபைல் ஆங்கிலத்தில்தான் ஓடும். பிரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்கு ஆங்கிலத்தில் குறிப்பு எழுதப் பழகவே இரண்டு வருஷம் ஆனது. ஆனால் 'ப்ளீஸ் ஸ்பீக்' என்ற இரண்டு வார்த்தை மட்டும் முதல் வாரத்திலேயே மனப்பாடம் ஆகிவிட்டது. சிக்கலான ஃபைலை நாம் மேலே அனுப்புவோம். முடிவு எதுவும் எழுதாமல், ஓரத்தில் 'ப்ளீஸ் ஸ்பீக்' என்று மட்டும் எழுதி ஃபைல் திரும்பி வரும். உள்ளே போனால், "அதான் தெரியுமே, செஞ்சிடுங்க, நான் பாத்துக்கறேன்" என்பார் அதிகாரி. பாத்துக்கறேன் என்றவர் அடுத்த வருஷம் இருக்கமாட்டார். யூனியன் பிரதேசங்களின் ஐ.ஏ.எஸ். கேடர் அப்படி. இன்று புதுச்சேரி, நாளை அந்தமான் அல்லது டெல்லி. குமாஸ்தா மட்டும் அதே மேஜையில் இருப்பான், ஆடிட்டுக்குப் பதில் சொல்ல.

என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு இதுதான் நடந்தது. மார்ச் கடைசி வாரம், ஒதுக்கிய பணம் காலாவதி ஆகிவிடும் அவசரம். விலைப்புள்ளி கேட்க நேரமில்லை, பழைய கடையிலேயே வாங்கிவிடுங்கள் என்று வாய்மொழி உத்தரவு. வாங்கினார். ஆடிட் ஆட்சேபணை வந்தபோது அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். கடிதம் போட்டுக் கேட்டதற்கு, அப்படிச் சொன்னதாக நினைவில்லை என்று பதில் வந்தது. ஓய்வு பெறச் சில மாதம் இருக்கையில் இவருக்குக் குற்றக்குறிப்பாணை. நடவடிக்கை முடியும்வரை பணிக்கொடை கிடையாது, தற்காலிக பென்ஷன் மட்டும். மூன்று வருஷம் கழித்துக் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று விட்டார்கள். அதற்குள் பெண்ணின் கல்யாணத்தை வட்டிக்கு வாங்கி முடித்திருந்தார்.

இதற்கு விதி இல்லாமல் இல்லை. மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளில் மூன்றாவது விதியைப் பாருங்கள். மேலதிகாரியின் உத்தரவு சாதாரணமாக எழுத்தில்தான் இருக்க வேண்டும். தவிர்க்க முடியாமல் வாயால் சொன்னால் உடனே எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். கீழே இருப்பவரும் அதைக் கேட்டு வாங்க வேண்டும். அவ்வளவு தெளிவு. பிறகு ஏன் யாரும் கேட்கவில்லை? ரகசியக் குறிப்பேடு என்று ஒன்று இருந்ததே! அதில் அவர் நம்மைப் பற்றி என்ன எழுதினார் என்பது, மோசமாக எழுதினால் ஒழிய நமக்குத் தெரியாது. 'சுமார்' என்று போட்டாலே பதவி உயர்வு போச்சு. எல்லாப் பதிவையும் ஊழியருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தேவ்தத் வழக்கில் சொன்ன பிறகுதான் அந்தப் பயம் கொஞ்சம் தெளிந்தது. என்னைக் கேட்டால், எத்தனையோ பயிற்சி முகாம்கள் செய்யாத வேலையை அந்த ஒரு தீர்ப்பு செய்தது.

சொன்னது பறந்துபோகும், எழுதினது நிற்கும் என்று பிரெஞ்சில் ஒரு பழமொழி உண்டு. 'திக்தே' எழுதவைக்கும்போதெல்லாம் எங்கள் வாத்தியார் அதைச் சொல்வார். அதைக் கேள்விப்பட்டே இராத ஒரு சூப்பிரண்டு அம்மா அதன்படி நடந்ததை நான் பார்த்தேன். அதிகாரி கூப்பிட்டுப் பேசினால், திரும்பி வந்து உட்கார்ந்ததும் ஃபைலில் இரண்டு வரி: 'விவாதிக்கப்பட்டது. இன்னபடி செய்ய உத்தரவு.' தேதி, கீழே தன் கையெழுத்து. அதே ஃபைலை அதிகாரிக்கே திருப்பி அனுப்புவார். முகம் சுளித்தாலும் கையெழுத்துப் போடாமல் இருக்க முடியாது. எங்களிடமும் அப்படியே. "நான் சொல்லித்தான் இவர் செய்தார்" என்று ஆடிட் பதிலில் அவரே எழுதுவார். நாங்கள் எழுதிய குறிப்பில் தப்பிருந்தால் கவுன்ட்டரில் ஆள் இருக்கும்போது சொல்லமாட்டார்; சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டுத் திருத்துவார். பியூனையும் 'நீங்கள்' என்றுதான் சொல்வார். பிரெஞ்சில் 'வூ', 'த்யூ' என்று இரண்டு உண்டு, நம் 'நீங்கள்', 'நீ' மாதிரி. பள்ளிக்கூடத்தில் அதைப் படித்துத் தேறிய எத்தனையோ பேர் ஆபீசில் லுங்கி கட்டி வந்தவரை 'நீ' என்றார்கள். அந்த அம்மாவுக்குப் பிரெஞ்சும் தெரியாது, மென்திறனும் தெரியாது. அவர் பிரிவில் இடம் கேட்டு ஆட்கள் நின்றார்கள்.

இப்போது ஃபைல் இ-ஆபீசுக்குப் போய்விட்டது. 'ப்ளீஸ் ஸ்பீக்' வாட்ஸ்அப் கால் ஆகிவிட்டது என்று கேள்வி. ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிட்டு, "நாளைக்குக் காலையில முடிச்சிடுங்க" என்கிறார்களாம். தனியார் கம்பெனிப் பிள்ளைகளும் இதையே சொல்கிறார்கள். அப்படிக் கூப்பிட்டால் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். போனை வைத்ததும், 'இன்று இரவு தாங்கள் தொலைபேசியில் சொன்னபடி இந்த வேலையைச் செய்கிறேன், உறுதி செய்ய வேண்டுகிறேன்' என்று ஒரு மெயில் போட்டுவிடுங்கள். பயிற்சி நடத்துகிறவர்களும் ஒரு மத்தியானம் அதிகாரிகளை மட்டும் உட்காரவைத்து, அந்த மெயிலுக்குப் பதில் எழுதப் பழக்கட்டும். 'ஆம், நான்தான் சொன்னேன்' என்று மூன்றே வார்த்தை.