முன்னவர் மூவர் பின்னுக்குப் போனதேன்?

இசையுலகில் 'மூவர்' என்றவுடன் எவர் பெயர் நாவில் எழுகின்றது? தியாகராசர், முத்துசாமி தீட்சிதர், சியாமா சாத்திரி ஆகிய மூவர் பெயரே. திருவாரூரிற் பிறந்த அம்மூவரின் புகழில் எவர்க்கும் ஐயமில்லை. ஆயின், அவர்க்கு முன்னரே அதே சோழநாட்டு மண்ணில் தமிழிற் பாடிய மூவர் இருந்தனர். சீர்காழி முத்துத்தாண்டவர், தில்லையாடியிற் பிறந்து சீர்காழியில் வாழ்ந்த அருணாசலக் கவிராயர், தில்லைவிடங்கன் மாரிமுத்தாப் பிள்ளை என்போர் அவர். இவர்களைக் குறிக்க வழங்கும் பெயர் 'ஆதி மும்மூர்த்திகள்' என்பது. பின்னவர்க்கு இட்ட பட்டத்தை முன்னவர்க்கும் ஒட்டி, 'ஆதி' என்றொரு முன்னொட்டும் சேர்த்துள்ளனர். பேரன் பெயரைச் சொல்லிப் பாட்டனை அடையாளங் காட்டும் இழிநிலை வேறெந்த இனத்துக்கேனும் நேர்ந்ததுண்டோ?

அருணாசலக் கவிராயர் பிறந்தது 1711இல், மறைந்தது 1779இல். அவர் மறைந்தபோது 1767இற் பிறந்த தியாகராசர்க்கு அகவை பன்னிரண்டு. மாரிமுத்தாப் பிள்ளை 1712இற் பிறந்து 1787இல் மறைந்தார். முத்துத்தாண்டவரோ இவ்விருவர்க்கும் முற்பட்டவர். எடுப்பு, தொடுப்பு, முடிப்பு என்னும் முப்பகுதி அமைப்பில் தமிழிற் கிடைக்கும் மிகப் பழைய இசைப்பாடல்கள் அவருடையவை. இன்றைய இசையரங்கின் முதுகெலும்பாக நிற்கும் பாட்டு வடிவம் அவர் காலத்திலேயே தமிழில் வேரூன்றிவிட்டது.

இம்மூவரும் எளிய புலமையர் அல்லர். தில்லைக் கூத்தனையே பாடுபொருளாகக் கொண்டவர் முத்துத்தாண்டவர். கம்பன் காப்பியத்தை இசைநாடகமாக்கி ஊரெங்கும் ஒலிக்கச் செய்தவர் கவிராயர். அந்நாடகத்தைத் திருவரங்கத்தில் அரங்கேற்றிச் சென்னை மணலி முத்துக்கிருட்டிண முதலியார் போன்ற செல்வரின் பாராட்டைப் பெற்றவர். இறைவனைப் பழிப்பதுபோற் புகழும் அரிய நடையில், கூத்தனின் தூக்கிய காலையே கேலி பேசிப் பாடியவர் மாரிமுத்தாப் பிள்ளை. திறத்திற் குறையில்லை, பொருளிற் குறையில்லை, அவரவர் காலத்திற் கேட்பாரும் இல்லாமலில்லை. பின்னர் ஏன் பின்னுக்குப் போயினர்?

அரண்மனையே காரணம் என்பர் சிலர். தஞ்சையை ஆண்ட நாயக்கரும் மராட்டியரும் தெலுங்கையும் வடமொழியையும் போற்றினர். தமிழ்ப் பாட்டுக்கு அவையில் இடமில்லாது போயிற்று என்பர். இதில் உண்மை உண்டு. இசைக்குரிய மொழி தெலுங்கே என்னும் பொய்யுரை தமிழ்நாட்டிலேயே வேர்விட்டது அவ்வவைகளின் விளைவே. ஆயின் அது முழு உண்மை அன்று. தியாகராசர் அரண்மனை வாழ்வை நாடாது, தெருவிற் பாடி அரிசி பெற்று உண்டவர். அரசனின் பொன் அவர் பாடல்களைக் காக்கவில்லை. அவற்றைக் காத்தது வேறொன்று.

அது மாணாக்கர் வழி. தியாகராசரின் மாணாக்கரான வாலாசாப்பேட்டை வேங்கடரமண பாகவதரும் அவர் குடும்பத்தாரும் ஆசான் பாடல்களைச் சுரக்குறிப்புடன் எழுதி வைத்தனர். உமையாள்புரத்தார், தில்லைத்தானத்தார் என வேறு மாணாக்கர் வழிகளும் தழைத்தன. தீட்சிதரின் பாடல்களை அவர் குடும்ப வழியில் வந்த சுப்பராம தீட்சிதர் தொகுத்து, 1904இல் எட்டயபுரத்திலிருந்து 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' என்னும் பெருநூலாக அச்சேற்றினார். 1920களில் பெங்களூர் நாகரத்தினம்மாள் என்னும் பெண்மணி, தாம் பாடி ஈட்டிய பொருளைச் செலவிட்டுத் திருவையாற்றில் தியாகராசர்க்கு நினைவிடம் எழுப்பினார். இன்றும் ஆண்டுதோறும் அங்கே நூற்றுக்கணக்கானோர் ஒருங்கிருந்து அவர்தம் ஐந்து பாடல்களை ஒரே குரலிற் பாடுகின்றனர். எழுதிய கை, அச்சிட்ட கை, விழா எடுத்த கை ஆகிய மூன்றும் கூடியே புகழைக் கட்டின.

தமிழ் மூவர்க்கு அக்கைகள் வாய்த்தனவா? கவிராயரின் பாடல்களுக்கு இசை வகுத்தோர், அவரிடம் கம்பனைப் பாடங்கேட்க வந்த சட்டநாதபுரத்து வேங்கடராமையர், கோதண்டராமையர் என்னும் இருவர். அவர்கள் அமைத்த மெட்டு எத்தகையது? அறிய வழியில்லை. அச்சேறிய பதிப்புகளிற் பாட்டின் தலைப்பிற் பண்ணின் பெயர் உண்டு. தாளத்தின் பெயர் உண்டு. அப்பண் அப்பாட்டில் எவ்வாறு நடந்தது என்பது மட்டும் இல்லை. பாட்டின் உடல் கிடைத்தது, உயிர் கிடைக்கவில்லை. முத்துத்தாண்டவரின் பாடல்களில் இன்று எஞ்சியவை ஏறத்தாழ 60 இசைப்பாடல்களும் 25 பதங்களுமே. அவற்றின் பழைய மெட்டுகளும் மறைந்தன. மாரிமுத்தாப் பிள்ளை பாடியவற்றுள்ளும் சிலவே எஞ்சின. இன்று ஒரே பாட்டை ஒருவர் ஒரு பண்ணிலும் மற்றொருவர் வேறொரு பண்ணிலும் பாடக் கேட்கின்றோர், 'இது நிலையான உருப்படி அன்று' என ஒதுக்கிவிடுகின்றனர்.

இவ்விழப்புக்கு அயலாரை மட்டும் பழித்தல் எளிது, பயனற்றதும் ஆகும். ஓலையிற் சொல்லை எழுதிய தமிழர் சுரத்தை ஏன் எழுதவில்லை? ஏடு காத்த மடங்களும் செல்வர் மனைகளும் பாட்டின் மெட்டைக் காக்க ஒரு மாணாக்கர் வழியை ஏன் வளர்க்கவில்லை? முத்துத்தாண்டவரின் பதங்கள் இன்றளவும் உயிரோடிருப்பதற்குப் பெருங்காரணம் ஆடல் மகளிர். குமுகாயம் இழித்துரைத்த அப்பெண்டிரே அவற்றை ஆடியும் பாடியும் தம் மகளிர்க்குக் கற்பித்தும் காத்தனர். இதனைத் தமிழர் மறத்தல் ஆகாது.

கடந்த நூற்றாண்டில் தமிழிசை இயக்கம் எழுந்தது. 1941இல் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூடியது. 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது. அரசர் அண்ணாமலையாரின் பொருளும் ஊக்கமும் துணைநிற்க, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழிசைப் பாடல்களைச் சுரக்குறிப்புடன் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. மறைந்த மெட்டுகளுக்கு ஈடாக இசைப்புலவர் பலர் புதிய மெட்டுகள் அமைத்தனர். சீர்காழியில் மூவர்க்கு மணிமண்டபமும் எழுந்துள்ளது. இவை யாவும் நன்று. ஆயினும் மண்டபம் பாடுமோ? சிலைக்கு மாலையிட்டுச் சொற்பொழிவாற்றிக் கலைந்து செல்வோரின் வீட்டுப் பிள்ளைகளுள் எத்துணைப் பேர்க்கு இம்மூவரின் பாட்டு ஒன்றேனும் தெரியும்?

இசையரங்கின் நடப்பையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அரங்கின் நடுப்பகுதியில், விரித்து ஆளத்தி செய்து பாடப்படுவது பெரும்பாலும் பிறமொழிப் பாட்டு. இறுதியில், கேட்போர் எழுந்து செருப்பைத் தேடும் வேளையில், 'துக்கடா' என்னும் பெயரில் தமிழ்ப் பாட்டு வருகின்றது. முதன்மை இடம் பெறாத பாட்டுக்கு முதன்மைப் புகழ் எவ்வாறு வரும்? விரித்துப் பாடப் பாடத்தான் ஒரு பாட்டின் நுட்பங்கள் வெளிப்படும். அவ்வாறு பல தலைமுறை பாடியமையாலன்றோ திருவாரூர் மூவரின் பாடல்கள் இத்துணை மெருகேறின!

பழைய மெட்டே இல்லாதபோது பாடி என்ன பயன் என்று வினவுவாரும் உளர். மெட்டை இழந்த பாட்டுக்கு மெட்டு அமைத்தல் தவறன்று. பாட்டைப் பாடாது விடுதலே தவறு. இன்று அமைத்த மெட்டும் நூறாண்டு பிழையின்றிப் பாடப்பெறின் அதுவே மரபாகும். தெலுங்கின்மேற் காழ்ப்பும் இதற்கு வேண்டுவதில்லை. தியாகராசர் தம் தாய்மொழியிற் பாடினார். அது அவர்க்கு அழகு. தமிழர் தம் தாய்மொழிப் பாட்டைத் தம் அரங்கிலேயே கடையிற் தள்ளுவதுதான் இழிவு.

ஆகவே செயற்பாலன சில. இசை கற்பிப்போர் தொடக்க நிலை கடந்த ஒவ்வொரு மாணாக்கர்க்கும் இம்மூவரின் பாடல்களுள் மும்மூன்றேனும் சுரக்குறிப்புடன் கற்பித்தல் வேண்டும். தமிழிசை விழா எடுப்போர், அரங்கின் நடுவிடம் தமிழ்ப் பாட்டுக்கே என்று பாடுவோரிடம் முன்கூட்டியே உறுதி பெறுதல் வேண்டும். சீர்காழியில் ஆண்டுக்கொரு நாள் தமிழிசைவாணர் அனைவரும் ஒருங்கிருந்து ஒரே மெட்டில் மூவர் பாடல்களைப் பாடும் வழக்கம் வேரூன்ற வேண்டும்.

திறம் ஒருவரைப் பிறக்கச் செய்யும். வழிவழியாகப் பாடும் நாக்குகளே அவரை இறவாமற் காக்கும். தமிழர் நாக்கு இம்மூவர்க்கு இன்னும் கடன்பட்டுள்ளது. அக்கடனைத் தீர்க்க மண்டபமும் மாலையும் போதா. பாடுக! பாடுவிக்க!