ஒளி சிந்தும் துணி

பிரான்ஸ் தேசத்தின் வட கோடியில், பெல்ஜிய எல்லைக்கு அருகே, ரூபே என்றொரு நகரம் உண்டு. ஒரு காலத்தில் கம்பளித் துணிக்குப் பேர் போன ஊர் அது. பழைய ஆலைகள் பல மூடப்பட்டுவிட்ட போதிலும், நெசவுத் தொழிலைக் கற்பிக்கும் உயர் கல்லூரி அங்கே இன்றும் நடைபெற்று வருகிறது. அக்கல்லூரியின் தறியில் உருவான ஒரு துணியைப் பற்றியே இவ்வாரம் நேயர்களுடன் பேச விரும்புகிறோம். அது உடுப்பதற்கோ விரிப்பதற்கோ நெய்யப்பட்டதன்று. நோயாளியின் தலையில் தொப்பி போல அணிவித்தால் இரண்டரை மணி நேரம் செவ்வொளியைச் சிந்திக்கொண்டிருக்கும். அந்த ஒளி மருந்தின் ஒரு பாதி.

மற்றப் பாதியை அறிய வேண்டுமாயின் நாம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பின்னோக்கிச் செல்லல் வேண்டும். ஜேர்மனியின் மியூனிச் நகரில், பேராசிரியர் ஹெர்மன் வொன் தப்பைனரிடம் ஒஸ்கார் ராப் என்ற மாணவர் பயின்று வந்தார். அக்ரிடின் என்ற சாயப் பொருள் கலந்த நீரில் பராமீசியம் என்னும் ஒற்றைக் கல உயிர்களை விட்டு, அவை எவ்வளவு நேரத்தில் இறக்கின்றன என்று அவர் கணக்கெடுத்தார். அதே நீர், அதே சாயம், அதே அளவு. எனினும் ஒரு நாள் அவை விரைவில் இறந்தன, மற்றொரு நாள் நெடுநேரம் உயிரோடிருந்தன. கணக்குத் தவறிவிட்டது என்று ஏட்டை மூடியிருக்கலாம். ராப் அப்படிச் செய்யவில்லை. அந்தந்த நாளின் வெளிச்சமே வேறுபட்டிருந்தது என்பதைக் கண்டுபிடித்து 1900ஆம் ஆண்டில் வெளியிட்டார். சாயம் மாத்திரம் தனித்து அவ்வளவு தீங்கு செய்யவில்லை; ஒளியும் அவ்வாறே. இரண்டும் சேர்ந்தபோதுதான் உயிர் போயிற்று. இதற்கு ஒட்சிசனும் வேண்டும் என்பதைத் தப்பைனரும் அவருடைய சகாக்களும் பின்னர் காட்டினார்கள். ஒளியை உண்ட சாயம் தன் பக்கத்திலுள்ள ஒட்சிசனைத் தூண்டிவிடுகிறது. வெறி கொண்ட அந்த ஒட்சிசன் கலத்தைச் சிதைக்கிறது. 1903ஆம் ஆண்டிலேயே, சிவப்பு மையில் சேர்க்கும் இயோசின் என்ற சாயத்தைத் தோற் புற்றின்மீது பூசி ஒளி காட்டிப் பார்த்தார்கள்.

இந்தச் சக்தி எத்தகையது என்பதை 1912இல் பிரெடரிக் மேயர்பெட்ஸ் என்ற ஜேர்மன் வைத்தியர் தம் உடம்பிலேயே கண்டார். இரத்தத்தின் செம்பொருளிலிருந்து எடுத்த ஒரு பொருளை 200 மில்லிகிராம் அளவு தமக்குத் தாமே ஊசி மூலம் ஏற்றிக்கொண்டு வெயிலில் இறங்கினார். முகமும் கைகளும் அடையாளம் தெரியாதபடி வீங்கிவிட்டன. வாரக் கணக்காக அவரால் வெயிலைத் தாங்க முடியவில்லை. இது துணிவா, விபரீதமா என்பதை நேயர்களின் தீர்ப்புக்கே விட்டுவிடுகிறோம்.

இன்று அவ்வளவு ஆபத்தில்லை. நம் உடம்பே இரத்தத்தின் செம்பொருளை ஆக்கும்போது இடையில் பயன்படுத்தும் ஓர் அமிலத்தைக் களிம்பாக்கித் தோலில் பூசுகிறார்கள். கெட்டுப்போன கலங்கள் அதனை வாங்கித் தம்முள்ளேயே ஒளியுண்ணும் பொருளை மிகுதியாக ஆக்கிக்கொள்கின்றன. பிறகு செவ்வொளி காட்டினால் அவை அழிகின்றன. அயலிலுள்ள நல்ல கலங்கள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. வெள்ளைத் தோலுடைய முதியோரின் நெற்றியிலும் வழுக்கைத் தலையிலும் நெடுநாள் வெயிலினால் சொரசொரப்பான தடிப்புகள் தோன்றும். அவற்றுட் சில பிற்காலத்தில் புற்றாக மாறக்கூடும். அவற்றைக் கத்தியின்றி நீக்க இம்முறை உதவுகிறது.

ஆயினும் இதில் இரண்டு இடர்கள் இருந்தன. விளக்குத் தட்டையானது, தலையோ உருண்டையானது. உச்சியில் வேண்டிய அளவு விழும் ஒளி, காதோரத்தில் குறைந்துவிடும். இரண்டாவது, வலி. களிம்பைப் பூசி மூன்று மணி நேரம் மூடி வைத்து, பின் பத்து நிமிடத்துக்குள் முழு ஒளியையும் பாய்ச்சுவதே வழக்கமான முறை. சேர்ந்து நின்ற மருந்து முழுவதும் ஒரேயடியாகப் பற்றிக்கொள்ளும். தலையில் தணலைக் கொட்டியது போன்ற அந்த வேதனையைப் பொறுக்க மாட்டாமல் பாதியில் எழுந்தவர்கள் உண்டு. தீர்க்கும் மருந்து கையிலிருந்தும் நோயாளி அடுத்த முறை வர அஞ்சுகிறார் என்றால், அம்மருந்தால் யாருக்கு என்ன பயன்?

இவ்விடத்திலேதான் நெசவாளர் உள்ளே வருகிறார். லீல் நகரின் மருத்துவ ஆராய்ச்சியாளர் சேர்ஜ் மோர்தோனும் ரூபே கல்லூரிப் பேராசிரியர் விளாடன் கொன்சாரும் அவர்களுடைய குழுவினரும் ஒளி செல்லும் இழைகளைக் கொண்டு துணி நெய்ய முற்பட்டார்கள். பெர்ஸ்பெக்ஸ் வகைப் பிளாஸ்திக்கால் ஆன அந்த இழையின் தடிப்பு கால் மில்லிமீற்றர். அதனுள் புகுந்த ஒளி சுவரிலே பட்டுப் பட்டுத் திரும்பி மறு முனைக்கு ஓடும். 1841இல் ஜெனீவாவில் கொலடன் என்பவர், பாத்திரத்தின் துளையிலிருந்து வளைந்து விழும் நீர்த்தாரைக்குள் ஒளியும் வளைந்து செல்வதைக் காட்டிச் சபையோரை வியக்க வைத்தார். அதே தத்துவம்தான் இது.

இழையை அளவுக்கு மீறி வளைத்தால் ஒளி வெளியே கசிந்துவிடும். தொலைபேசிக் கம்பனிக்கு இது பெருங் குறை. செய்தி வழியிலேயே ஒழுகிவிடுமல்லவா? நெசவாளருக்கோ அந்தக் கசிவே வேண்டியிருந்தது. பாவு நூலின் மேலும் கீழுமாக ஊடையிழை ஏறி இறங்கும் ஒவ்வொரு கட்டும் ஒரு வளைவு. ஒவ்வொரு வளைவும் ஒளி சிந்தும் ஒரு வாயில்.

ஆனால் சாதாரண நெசவில் வாயில்கள் மிக நெருக்கமாக அமைந்துவிடும். ஒளி முழுவதும் தொடக்கத்திலேயே சிந்தித் தீர்ந்து, துணியின் மறு பாதி இருண்டு கிடக்கும். தலையில் ஓரிடம் வெந்து, ஓரிடம் நோயோடு மிஞ்சும். ஆகவே கட்டுகள் அருகி, இழை நீண்டு கிடக்கும் சாட்டின் நெசவைத் தேர்ந்தார்கள்; அதிலும் கட்டு வேறுபடும் பல வகைகளைக் கலந்து, எங்கும் ஏறக்குறைய ஒரே வெளிச்சம் வரும்படி கணக்கிட்டார்கள். இழைகளின் இரு முனைகளிலிருந்தும் ஒளியைச் செலுத்தினார்கள். விளக்கு ஒரு பெட்டிக்குள் தள்ளியே இருப்பதால், நோயாளியின் தலையைத் தொடும் துணியில் மின்சாரமும் இல்லை, சுடும் விளக்கும் இல்லை.

சுவிற்சர்லாந்தின் சென் கலன் நகரிலும் இத்தகைய முயற்சி நடந்தது. சித்திரத் தையலுக்குப் புகழ் பெற்ற ஊர் அல்லவா? அங்குள்ளவர்கள் நெய்யவில்லை, ஒளியிழையைத் துணியில் தைத்துப் பூவேலை போல வளைத்தார்கள். 2007இல் அதன் விபரங்கள் வெளியாயின. அவரவர் ஊர்த் தொழிலே அவரவர் கைக்கு வந்தது என்பது எமக்கு இக்கதையில் மிகவும் பிடித்த பகுதி.

பிரெஞ்சுத் துணியைப் பரீட்சித்த முறையும் கவனிக்கத்தக்கது. 25 நோயாளிகள். ஒவ்வொருவர் தலையிலும் ஒரு பக்கத்துக்குப் பழைய விளக்கு. மறு பக்கத்துக்குத் துணி. ஒருவருக்கு வலிப்பதும் மற்றவருக்கு வலிப்பதும் ஒன்றல்ல என்ற ஆட்சேபத்துக்கு இங்கு இடமில்லை. துணிப் பக்கத்தில் களிம்பு பூசி அரை மணி நேரத்திலேயே ஒளியைத் தொடங்கி, இரண்டரை மணி நேரம் மெல்ல மெல்லக் காட்டினார்கள். மருந்து ஊறும்போதே ஒளி அதைச் செலவழித்துவிடுவதால் அது சேர்ந்து நின்று பற்றிக்கொள்வதில்லை. 2019இல் வெளியான முடிவின்படி, தடிப்புகள் மறைந்ததில் துணி விளக்குக்குக் குறைந்து நிற்கவில்லை. வலியோ மிக மிகக் குறைவு.

இதற்கு ஒரு போட்டி உண்டென்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. களிம்பைப் பூசிக்கொண்டு இரண்டு மணி நேரம் பகல் வெளிச்சத்தில் இருந்தாலே போதும் என்று டென்மார்க் வைத்தியர்கள் காட்டியிருக்கிறார்கள். அதற்குத் துணியும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். ஆனால் வட ஐரோப்பாவின் மாரி காலத்தில் சூரியனை எங்கே தேடுவது? துணியின் எதிர்காலம் அதன் விலையைப் பொறுத்தது என்பதே எமது அபிப்பிராயம்.

கருந்தோல் உடைய எமக்கு இந்நோய் அரிது. ஆயினும் ஒளித்துணி எமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. பிறந்த குழந்தைக்குச் செங்கமாரி கண்டால் நீல ஒளியின் கீழ் வைப்பதைத் தாய்மார் பலர் அறிவார்கள். அங்கே சாயமும் களிம்பும் இல்லை. ஒளி தானே மஞ்சட் பொருளை உடம்பு கழிக்கத்தக்கதாக மாற்றிவிடுகிறது. இங்கிலாந்தில் றொச்போட் ஆஸ்பத்திரித் தாதி ஒருவர், வெயில் பட்ட குழந்தைகளின் தோலில் மஞ்சள் மங்குவதைக் கவனித்ததிலிருந்து அம்முறை பிறந்தது. 1958இல் வைத்தியர்கள் அதனை வெளியிட்டார்கள். பட்டு நெசவுக்குப் பேர் போன லியோன் நகரில் இப்பொழுது அந்த நீல ஒளியையும் துணியாக நெய்துவிட்டார்கள். கண்ணைக் கட்டிக் குழந்தையைப் பெட்டியில் தனியே கிடத்த வேண்டியதில்லை. ஒளி சிந்தும் துணியில் அதைச் சுற்றித் தாய் தன் மடியிலேயே வைத்திருந்து பாலூட்டலாம்.