குக்கர் தெரிந்தவளுக்கு ரேடியேட்டர் தெரியாதா?

எங்கள் வீட்டில் மாமனார் காலத்து ஜீப் ஒன்று இருக்கிறது. உரமூட்டை, நெல்மூட்டை, விசேஷம் என்றால் சொந்தபந்தம், எல்லாம் சுமப்பது அதுதான். பத்தாவது வரை படித்த எனக்கு அதில் ஏறி உட்காரத்தான் தெரியும். "பொம்பளைக்கு எதுக்கு வண்டி விஷயம்?" என்பார் மாமியார்.

போன சித்திரையில் மயிலம் முருகன் கோயிலுக்குப் புறப்பட்டோம். சேதராப்பட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய், பானட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி வந்தது. என் கணவர் இறங்கி, துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனார். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. "இருங்க! ஆவி அடங்காம குக்கரை யாராச்சும் திறப்பாங்களா?" என்று கத்திவிட்டேன். முறைத்தார், ஆனால் கையை எடுத்துவிட்டார்.

நான் வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன். ஆனால் விஷயம் அதுவேதானாம். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் உள்ளே தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்குமாம். திறந்த நொடியில் அத்தனையும் பொங்கி முகத்தில் அடிக்குமாம். நினைத்தாலே உடம்பு நடுங்குகிறது.

மரநிழலில் ஒரு மணி நேரம் காத்திருந்தோம். மேல் ஹோஸின் கிளிப் தளர்ந்து தண்ணீர் ஒழுகியிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் முறுக்கி, இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே தண்ணீர் ஊற்றினோம். சூட்டோடு ஊற்றினால் இன்ஜின் ஹெட் விரிசல் விடும். இதே கோளாறுக்கு அதற்கு முந்தைய மாதம் ஒரு பட்டறையில், "இன்ஜினையே இறக்கணும்" என்று ஆயிரக்கணக்கில் கணக்குச் சொன்னார்கள்!

அன்றிலிருந்து ஞாயிறு காலை, வண்டி குளிர்ந்திருக்கும்போது நானும் பானட்டைத் திறக்கிறேன். மகேந்திரா கம்பெனி 1940-களின் கடைசியில் நம் நாட்டில் பூட்ட ஆரம்பித்த வில்லிஸ் ஜீப்பின் வம்சம் இது. எல்லாமே கைக்கு எட்டும், கண்ணுக்குத் தெரியும். ரேடியேட்டரில் தண்ணீர் மட்டம் பார்ப்பேன். ஹோஸ்களை அமுக்கி வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பேன். ஃபேன் பெல்ட் தொளதொளவென்று இருந்தால் அவரிடம் சொல்வேன். ரேடியேட்டர் இடுக்கில் அடைத்த வைக்கோல், பூச்சியைத் தண்ணீர் விட்டுக் கழுவுவேன். போர் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டோம். வெந்நீர்ப் பானையில் வெள்ளையாய்ப் படிகிற உப்பு, ரேடியேட்டர் குழாயையும் அடைக்கும். டிஸ்டில்டு வாட்டரில் கூலன்ட் கலந்துதான் ஊற்றுகிறோம்.

சகோதரிகளே, இரண்டு எச்சரிக்கை. இன்ஜின் ஓடும்போது ஃபேன் பக்கம் போகவே கூடாது. முந்தானையைச் சுருட்டி இழுத்துவிடும். கூலன்ட் இனிக்கும், ஆனால் விஷம். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பழையதை ஆடு, மாடு, நாய் குடிக்கும் இடத்தில் கொட்டாதீர்கள்.

வண்டியில் போவது குடும்பம் மொத்தமும். அப்படியிருக்க, அதைப் பற்றித் தெரிந்துகொள்வது மட்டும் ஆம்பளை வேலையா? இப்போது என் மகளும் ஸ்பேனர் எடுத்துத் தருகிறாள். மாமியாரோ, எங்கே கிளம்பினாலும், "தண்ணி பாத்தியாம்மா?" என்று என்னைத்தான் கேட்கிறார்!

- ஒரு வாசகி, சேதராப்பட்டு.