192 கிலோஹெர்ட்ஸ்: காதுக்கா, பர்ஸுக்கா?

"ஹை-ரெஸ்ல கேளுடா, திரையை விலக்கின மாதிரி இருக்கும்" என்று சொல்லும் நண்பன் எல்லோருக்கும் ஒருவன் இருப்பான். "எதுன்னு சொல்லாம போடறேன், கண்டுபிடி" என்று கேட்டுப் பாருங்கள். கோபம் வந்துவிடும்!

கொஞ்சம் கணக்கு. சிடி ஒரு நொடியில் 44,100 முறை ஒலியை அளக்கிறது. அதில் பாதி, 22,050 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அதிர்வெண்களை எல்லாம் இதிலிருந்து மீட்டுவிடலாம் என்கிறது நைக்விஸ்ட்-ஷானன் தேற்றம். விளம்பரத்தில் காட்டும் படிக்கட்டு வடிவம் ஸ்பீக்கருக்கு வருவதே இல்லை, வழவழப்பான அலைதான் வரும். நம் காதின் எல்லை சுமார் 20,000 ஹெர்ட்ஸ், வயதானால் அதுவும் இறங்கும். அதற்கு மேலே உள்ளது வௌவாலுக்கு. சுருக்காத 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் கோப்போ சிடியைப் போல ஆறரை மடங்கு இடம் பிடிக்கும்.

சரி, சோதனை? 2007-இல் மேயரும் மோரனும் எஸ்ஏசிடி, டிவிடி-ஆடியோ ஒலியை நேரடியாகவும், சிடி தரத்துக்குக் குறைத்தும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். 554 முறையில் 276 சரி. காசு சுண்டிப் போட்டாலும் இதேதான் வரும்.

எதிர்த்தரப்புக்கும் ஆதாரம் உண்டு, மறைக்க மாட்டேன். 2016-இல் ஜோஷுவா ரைஸ் 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார். சரியான விடை 52.3 சதவீதம். பயிற்சி பெற்றவர்களுக்குக் கணிசமாகக் கூடுதல். வித்தியாசம் பூஜ்யம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திரை விலகினால் நூற்றுக்கு 52 விடைதானா சரியாக இருக்கும்?

அப்படியானால் அந்த டிஸ்க்குகள் நன்றாக இருப்பது பொய்யா? இல்லை. பெரும்பாலான சிடிகளைவிட அவை நன்றாக இருந்ததை மேயரும் மோரனுமே சொன்னார்கள். காரணம் எண் அல்ல, மாஸ்டரிங்கில் எடுத்த அக்கறை. 2008-இல் வந்த மெட்டாலிகாவின் 'டெத் மேக்னடிக்' சிடியில் சத்தத்தை ஏற்றி ஏற்றி ஒலியே சிதைந்திருந்தது. அதே பாடல்கள் 'கிட்டார் ஹீரோ' விளையாட்டில் சுத்தமாக இருந்ததை ரசிகர்களே கண்டுபிடித்தார்கள். சிதைந்த மாஸ்டரை 192-இல் விற்றாலும் சிதைந்ததுதான்.

ஸ்டூடியோவில் 24 பிட் தேவை. பதிவு செய்யும்போது, கலக்கும்போது தாராளமாக இடம் வேண்டும். கேட்பவனுக்கு எதற்கு?

வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ஹை-ரெஸ் கோப்பை நீங்களே சிடி தரத்துக்கு மாற்றி, சத்தத்தைச் சமமாக்கி (கொஞ்சம் கூட இருந்தாலே அதுதான் நன்றாகக் கேட்கும்), நண்பனை ஒளித்துப் போடச் சொல்லுங்கள். இருபதில் பதினைந்து சரியாகச் சொன்னால் தாராளமாக வாங்குங்கள். இல்லையென்றால் அந்தக் காசில் நல்ல ஹெட்போன் வாங்குங்கள். அந்த வித்தியாசம் யாருக்கும் கேட்கும்.