மூன்று சக்கரத் தள்ளுவண்டி வாங்கும் முன்னே

போன மாதம் சம்பளம் போட்ட மறுநாள் காலை. மருந்தகக் கதவைத் திறந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, ஒரு பாட்டி பேரனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். பையனுக்கு வயது ஒன்றேகால். பின்மண்டையில் எலுமிச்சங்காய் அளவுக்கு வீக்கம். பையன் அழுது ஓய்ந்துவிட்டான், பாட்டிதான் ஓயவில்லை.

"டிரசரையா, வண்டி மல்லாக்க விழுந்துருச்சுங்கய்யா. நான் பெத்த மகன் 350 வெள்ளி குடுத்து வாங்கியாந்த வண்டிங்க. இது ஆகாத வண்டிங்களா?"

முதலில் பிள்ளையைப் பார்த்தேன். கண்மணி இரண்டும் ஒரே அளவு, கையையும் காலையும் நன்றாக உதைக்கிறான், பாலும் குடித்தான். ஒரு நாள் முழுக்கக் கண்ணிலேயே வைத்துக்கொள்ளும்படி சொன்னேன். திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலும், எழுப்பினால் எழும்பாமல் சொக்கினாலும், வலிப்பு வந்தாலும், காதிலோ மூக்கிலோ ரத்தமோ தண்ணீரோ வந்தாலும், என்னைத் தேடி நேரம் போக்காமல் நேரே பாரிட் புந்தார் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும் என்றேன். நல்ல வேளை, ஒன்றும் வரவில்லை. மறுநாள் பையன் என் மேசையில் இருந்த மாத்திரைப் புட்டியை இழுத்துத் தள்ளுகிற அளவுக்குத் தேறிவிட்டான்.

பிறகுதான் வண்டியைப் பார்க்கப் போனேன். வண்டியில் குறை ஒன்றும் இல்லை. பாட்டி கைப்பிடியின் இரண்டு பக்கமும் சாமான் பைகளை மாட்டியிருக்கிறார். ஒன்றில் 5 கிலோ அரிசி, இன்னொன்றில் தேங்காயும் சவர்க்காரமும். வாய்க்கால் பாலத்து மேட்டில் ஏற, கைப்பிடியை அழுத்தி முன் சக்கரத்தைத் தூக்கியிருக்கிறார். அரிசியின் பாரம் அப்படியே பின்னால் இழுத்துவிட்டது. பிள்ளைக்குப் பெல்ட்டும் போடவில்லை. "பக்கத்துலதானே போறோம்னு போடலைங்க" என்றார். பக்கத்தில் போகிறபோதுதான் இதெல்லாம் நடக்கிறது, தாய்மார்களே.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு லயத்தில் இரண்டு கட்சி உண்டாகிவிட்டது. ஒரு கட்சி, "நம்ம ஆத்தா அப்பன் என்ன வண்டியிலயா வச்சு வளத்தாங்க, இடுப்புல வச்சும் ஏணையில போட்டும்தானே வளத்தாங்க" என்கிறது. இன்னொரு கட்சி, டவுனில் எல்லோரும் வைத்திருக்கிறார்கள், நமக்கு மட்டும் என்ன என்கிறது. என் கட்சி மூன்றாவது. நம்முடைய சடக்குக்குத் தள்ளுவண்டி வாங்குவதென்றால் மூன்று சக்கர வண்டிதான் ஏற்றது. ஆனால் அதைப் பார்த்து வாங்க வேண்டும், தெரிந்து தள்ள வேண்டும்.

இடுப்பில் வளர்த்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் பெற்றவள் பெரட்டுக்குப் போனதும் பிள்ளை ஆயாக் கொட்டகையில் இருந்ததும் உண்மை. இன்றைக்கு அந்தக் கொட்டகை எத்தனை தோட்டத்தில் ஒழுங்காக நடக்கிறது? மகனும் மருமகளும் பிறைக்கோ கூலிமுக்கோ பேக்டரி பஸ்ஸில் போய்விடுகிறார்கள். 10 கிலோ பேரனை 60 வயதுப் பாட்டி இடுப்பில் சுமக்கிறார். அந்தப் பாட்டியே மாலையில் இடுப்புவலி என்று என்னிடம் தைலம் கேட்டு வருகிறார். இந்த வண்டி பிள்ளைக்கு எவ்வளவு உதவியோ, பாட்டியின் முதுகுக்கும் அவ்வளவு உதவி. இதைக் கட்சிக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள்.

மூன்று சக்கரம் நமக்குப் புதிதும் அல்ல. தச்சர் செய்து கொடுத்த நடைவண்டிக்கு எத்தனை சக்கரம்? மூன்றுதான். வித்தியாசம் என்னவென்றால், அதைப் பிள்ளை தள்ளியது, இதில் பிள்ளையை நாம் தள்ளுகிறோம். வெள்ளைக்காரன் நாட்டில் குழந்தை வண்டி முதலில் பிரபு வீட்டு விளையாட்டுச் சாமானாகத்தான் வந்தது. 1733ஆம் ஆண்டு டெவன்ஷயர் பிரபுவின் பிள்ளைகளுக்காக வில்லியம் கென்ட் என்பவர் ஒன்று செய்து கொடுத்தார். ஆட்டுக்குட்டியோ மட்டக்குதிரையோ இழுக்கும் வண்டி அது. 1965ல் ஓவன் மெக்லாரன் என்ற ஆகாய விமான எஞ்சினியர், குடை மாதிரி மடக்கும் இலேசான வண்டியைச் செய்தார். எடை 3 கிலோகூட இல்லை. இன்றைக்குப் பசார் மாலாமில் தொங்குகிற சின்னச் சக்கர வண்டியெல்லாம் அதன் வம்சம். 1984ல் அமெரிக்காவில் பில் பெக்லர் என்ற பத்திரிகைக்காரர், கைக்குழந்தையை வைத்துக்கொண்டே ஓட்டப் பயிற்சி செய்ய ஆசைப்பட்டு, சைக்கிள் சக்கரம் போட்ட மூன்று சக்கர வண்டியைக் கொண்டுவந்தார். அவர் ஓடுவதற்குச் செய்த வண்டி, நமக்கு மண் சடக்கில் நடப்பதற்கு உதவுகிறது.

ஏன் மூன்று சக்கரம்? முக்காலியை நினைத்துப் பாருங்கள். மேடு பள்ளத் தரையிலும் முக்காலி ஆடாமல் நிற்கும். நாற்காலிக்கு ஒரு கால் அந்தரத்தில் நிற்கும். வண்டியும் அப்படியே. அதோடு சக்கரம் பெரிதாக இருந்தால் கல்லிலும் வேரிலும் ஏறி இறங்கும். சின்னச் சக்கரம் கல்லில் முட்டி நின்றுவிடும், பிள்ளை முன்னால் குலுங்கும். லோரி போய்ப் போய்க் குழி விழுந்த செம்பனைக் காட்டுச் சடக்கில் குடை வண்டியைத் தள்ளிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஆனால் முக்காலியின் குணம் இன்னொன்றும் உண்டு. ஓரத்தில் உட்கார்ந்தால் கவிழ்த்துவிடும். மூன்று சக்கர வண்டியின் முன்பக்கம் குறுகல். வேகமாகத் திருப்பினால், அல்லது பிள்ளை ஒரு பக்கமாக எட்டிச் சாய்ந்தால், அந்தப் பக்கம் சாயும். ஆகவே பின் சக்கரம் இரண்டும் நன்றாக அகன்றிருக்கிறதா, உட்காரும் இடம் தாழ்வாக இருக்கிறதா என்று பாருங்கள். கடையிலேயே பிள்ளையை உட்கார வைத்து, பக்கவாட்டில் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். கைப்பிடியில் எதையும் மாட்டாதீர்கள். உட்காரும் இடத்துக்குக் கீழே கூடை இருந்தால் சாமானை அதில் வையுங்கள், இல்லாவிட்டால் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள்.

பெல்ட் ஐந்து பிடி உள்ளதாக இருக்க வேண்டும். தோள் இரண்டு, இடுப்பு இரண்டு, கவட்டில் ஒன்று. இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட்டில் பிள்ளை எழும்பி நிற்கும், அல்லது கீழே சறுக்கிக் கழுத்து மாட்டும்.

அடுத்து பிரேக். நம்ம ஊர்ப் பெயரிலேயே வாய்க்கால் இருக்கிறது. பாரிட் என்றால் மலாயில் அதுதானே அர்த்தம். புக்கிட் மேரா நீரைக் கொண்டு 1906ல் முடித்த கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் நெல் வயலுக்குச் செய்தது, ஆனால் வாய்க்காலும் கட்டையும் இல்லாத தோட்டமும் கம்பமும் இந்தச் சுற்று வட்டாரத்தில் எங்கே? தரை சமம்தான் என்று நினைத்து வண்டியைச் சும்மா நிறுத்திவிட்டுப் பக்கத்து வீட்டம்மாவோடு பேச நிற்கிறோம். பெரிய சக்கரம் சின்னச் சரிவிலும் உருளும். முழங்கால் தண்ணீர் ஒரு வயதுப் பிள்ளைக்கு ஆற்றுக்குச் சமம். வண்டி நின்ற இடத்தில் காலால் பிரேக்கை அழுத்துங்கள், கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள். ஓட்ட வண்டிகளில் கைப்பிடியிலிருந்து ஒரு நாடா வரும். அழகுக்காக வைத்தது அல்ல, மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள. கால் தடுக்கி நீங்கள் விழுந்தாலும் வண்டி ஓடாது.

டயர் விஷயம். காற்றடிக்கும் டயர் மெத்தென்று போகும், பிள்ளைக்குக் குலுக்கல் குறையும். ஆனால் செம்பனை மட்டை முள் என்னவென்று நமக்குத் தெரியும். மாதம் ஒரு பங்சர் நிச்சயம். வீட்டில் சைக்கிள் பம்பும் ஒட்டுகிற ஆளும் இருந்தால் காற்று டயர் வாங்குங்கள். இல்லாவிட்டால் கெட்டி ரப்பரோ நுரை ரப்பரோ போட்ட சக்கரம் மேல். (தலைமுறை தலைமுறையாகக் கித்தா மரம் வெட்டியவர்கள் நாம், டயரைப் பற்றி நமக்கே பாடம் சொல்ல வேண்டியிருக்கிறது.) முன் சக்கரம் சுழலும் வண்டியானால், கல் சடக்கில் அதைப் பூட்டி வையுங்கள். பூட்டு இல்லாத வண்டி நமக்கு வேண்டாம்.

பழைய வண்டி வாங்குவதில் தப்பில்லை, நம் சம்பளத்துக்கு அதுதான் கட்டுப்படியாகும். ஆனால் முன் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். கழற்றி மாட்டும் சக்கரம் சரியாக உட்காராமல் ஓட்டத்தில் கழன்று, பிள்ளைகளும் பெரியவர்களும் காயப்பட்டார்கள் என்று சுமார் 200 புகார் வந்து, 2018ல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ஒரு பெரிய கம்பெனி மீதே நடவடிக்கை எடுத்தது. மாட்டுகிறவர்கள் சரியாக மாட்டாததுதான் காரணம் என்று கம்பெனி வாதாடியது. யார் பக்கம் நியாயமோ, மாட்டுகிறவர் நாம்தான். மடக்கும் கீலையும் பாருங்கள். 2009ல் அமெரிக்காவில் சுமார் 10 லட்சம் மெக்லாரன் மடக்கு வண்டிகளுக்குக் கீல் மூடி கொடுக்க வேண்டி வந்தது. காரணம், 12 பிள்ளைகளின் விரல் நுனி கீலில் சிக்கித் துண்டானது. வண்டியை விரிக்கும்போதும் மடக்கும்போதும் பிள்ளை கைக்கெட்டாத தூரத்தில் இருக்கட்டும். இன்னொன்று, இந்த வண்டி மடக்கினாலும் பெரிசு. பழைய கஞ்சில் காரின் பின்னால் சக்கரத்தைக் கழற்றாமல் போகாது. மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து மடியில் வண்டியும் பிள்ளையுமாகப் போகிறவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு என்ன எழுதுவது?

எத்தனை மாதத்தில் உட்கார வைக்கலாம் என்று கேட்கிறார்கள். கழுத்து நிற்காத பிள்ளையை நிமிர்ந்த வண்டியில் வைக்கவே கூடாது. தலை முன்னால் தொங்கி மோவாய் நெஞ்சில் பட்டால் மூச்சுக்குழல் மடங்கும். பிள்ளை அழாது, சத்தமே இல்லாமல் மூச்சு குறையும். பிறந்த பிள்ளைக்கு முழுக்கப் படுக்கையாக விரிகிற வண்டி வேண்டும். இல்லையென்றால் தாயின் கைதான். ஆறு மாதமாகி, தானாக உட்கார்ந்து தலையை நேரே பிடிக்கிற பிள்ளையை நிமிர்த்தி வைத்து மெதுவாகத் தள்ளலாம். குழிச் சடக்கில் ஓட்டமாகத் தள்ள அப்போதும் வேண்டாம். வண்டியில் தூங்கிவிட்டால், வீடு வந்ததும் தூக்கிச் சமமான இடத்தில் மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

வெயிலுக்குப் பயந்து சேலைத் துண்டாலோ துவாலையாலோ வண்டியை மூடுவது நம் பெண்களிடம் பெரிய பழக்கம். 2014ல் சுவீடனில் ஒரு நாளேடு இதைச் சோதித்துப் பார்த்தது. வெயிலில் நிறுத்திய மூடாத வண்டிக்குள் 22 டிகிரி. மெல்லிய துணி போட்ட அரை மணியில் 34, ஒரு மணியில் 37. குளிர் நாட்டு வெயிலிலேயே இப்படி. நம் பதினோரு மணி வெயிலில் துணிக்குள்ளே அடுப்புதான். வண்டியின் கூரையை இழுத்து விடுங்கள், காற்று போக விடுங்கள், பத்து மணிக்குள் போய்த் திரும்புங்கள். கொசுவுக்குத் துணி வேண்டாம், வலை போடுங்கள். டெங்கிக் கொசு பகலில் கடிக்கிறது என்பதை நான் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

நாள் முழுக்க வண்டியிலேயே பிள்ளையைக் கட்டிப்போடுவதும் நல்லதல்ல. கால் தரையில் பட வேண்டும், தவழ வேண்டும், விழுந்து எழும்ப வேண்டும். அதற்காக, பிள்ளையை நடுவில் உட்கார வைத்து உருள விடுகிற வாக்கரை வாங்காதீர்கள். கனடா நாடு 2004லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. அதில் பிள்ளை நடை பழகுவதும் சீக்கிரம் வராது, வாசல் படியில் உருண்டு விழுவதுதான் சீக்கிரம் வரும். நம் பழைய நடைவண்டி, பக்கத்தில் ஆள் நின்றால், எவ்வளவோ மேல்.

கடைசியாக ஒன்று. 350 வெள்ளி வண்டியை நாம் தேடுவதற்குக் காரணமே சடக்கு. லயத்திலிருந்து மருந்தகம் வரைக்கும் குழியை அடைத்து, வாய்க்கால் பாலத்துக்கு இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி போட்டிருந்தால், எந்தப் பாட்டியும் எந்த வண்டியையும் தள்ளிக்கொண்டு போவார். பழக் குலை ஏற்றுகிற லோரிக்காக மாதம் ஒரு தடவை கல் கொட்டுகிறார்கள், லயத்துப் பக்கம் மட்டும் அந்தக் கல் வருவதில்லை. பாலத்தின் நீளத்தையும் குழிகளின் எண்ணிக்கையையும் நான் அளந்து எழுதி, நம் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் அதைப் படிப்பார்கள். பிள்ளை வைத்திருக்கிறவர்கள் அன்றைக்கு வந்து உட்காருங்கள், வண்டி இருந்தால் தள்ளிக்கொண்டே வாருங்கள். பிரேக்கும் பெல்ட்டும் சரியா என்று கூட்டம் முடிந்ததும் அங்கேயே பார்த்துத் தருகிறேன். பாட்டியும் பேரனோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.