நூறு மூட்டையில் யாருக்கு எத்தனை?

ஆலங்காயம் வட்டார விவசாயப் பெருமக்களே!

களத்தில் நூறு மூட்டை சாமை. பங்குக்கு நூறு பேர். ஒருத்தர் மட்டும் 22 மூட்டைக்கு மேல் தூக்கிட்டுப் போறார். அடிமட்டத்து 50 பேருக்கும் சேர்த்து 15 மூட்டைதான். கதையில்லை இது. 2022-23-ல் நாட்டு வருமானம் இப்படித்தான் பிரிந்தது என்று பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் தாமஸ் பிக்கெட்டி குழு 2024-ல் கணக்குக் காட்டியது.

நாமோ, "நூறு நாள் வேலையால களையெடுக்க ஆள் வரலை, கூலி ஏறிப்போச்சு" என்று கூலிக்காரரோடு மல்லுக்கு நின்றோம். நம்ம மூட்டையைக் கொண்டுபோனது அவங்களா? அந்த 50 பேரில் அவங்களும் உண்டு, நாமும் உண்டு!

பெரும் பணக்காரர் கட்டிவந்த செல்வ வரியை 2015 பட்ஜெட்டில் ஒழித்தார்கள். 10 கோடிக்கு மேற்பட்ட சொத்துக்கு ஆண்டுக்கு 2 சதம் வரி போடச் சொல்கிறது அதே குழு. அதைப் போடு! விளைச்சலுக்குக் கட்டுப்படியான விலை, உழைப்புக்கு நியாயமான கூலி, இரண்டையும் கொடு!

சேர்ந்தே கேட்போம், திரண்டு வாரீர்!