நன்றியுள்ள பிராணி என்னும் பொய்

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாரும் தப்பித்திருக்க முடியாத ஒரு வாக்கியம் உண்டு: ‘நாய் நன்றியுள்ள பிராணி.’ ‘எனக்குப் பிடித்த விலங்கு’ என்று கட்டுரை எழுதச் சொன்னால், நான்கு கால், இரண்டு காது, ஒரு வால் என்று எண்ணி முடித்ததும் கை தானாகவே இந்த வாக்கியத்துக்கு வந்துவிடும். நாயைப் பிடிக்காதவர்கள்கூட இதை மறுப்பதில்லை. நான் மறுக்கிறேன். இது பொய். வெறும் பொய் என்றால் விட்டுவிடலாம், கேடு விளைவிக்கும் பொய். தெருவிலிருந்து மீட்கப்பட்ட நாய்கள் நான்காம் நாளே திருப்பி அனுப்பப்படுவதை நான் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் இந்த வாக்கியம்தான் பின்னால் நின்றது.

சென்னையில் நாய் மீட்பு வேலை செய்யும் தன்னார்வலர் யாரிடமாவது பேசிப் பாருங்கள். அவர்கள் போனில் கேட்கும் வசனங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். “ஒட்டவே மாட்டேங்குதுங்க.” “சோறு வச்சா நாங்க தூங்கினப்புறம் திங்குது, கூப்பிட்டா வர மாட்டேங்குது.” “மூணு நாளா கட்டிலுக்கு அடியிலயே கெடக்கு, எங்க மூஞ்சியைக்கூடப் பாக்கல, பையன் அழறான்.” கவனியுங்கள், நாய் கடிக்கவில்லை. சோபாவைக் கிழிக்கவில்லை. இரவெல்லாம் ஊளையிடவில்லை. புகார் ஒன்றுதான்: இவ்வளவு செய்தோம், பதிலுக்கு ஒன்றும் வரவில்லை.

ஃபாஸ்டரிங் என்பது தத்தெடுப்பு அல்ல. அடிபட்ட, கைவிடப்பட்ட, இனி தெருவில் பிழைக்க முடியாத ஒரு நாயை, நிரந்தர வீடு கிடைக்கும்வரை சில வாரங்களோ மாதங்களோ வீட்டில் வைத்துத் தேற்றுவது. கடந்த சில ஆண்டுகளில் நான்கு நாய்கள் என் வீட்டில் இப்படித் தங்கிப் போயிருக்கின்றன. கடைசியாக வந்தவள் மிளகு. இரண்டு வயதிருக்கும். வேளச்சேரிப் பக்கம் பைக் மோதிப் பின்னங்கால் முறிந்தது. எலும்பு கூடினாலும் கோணலாகத்தான் கூடும், வண்டி வந்தால் விலகி ஓட முடியாது, தெருவில் திரும்ப விட வேண்டாம் என்றார் மருத்துவர்.

இதை நாம் ‘மீட்பு’ என்கிறோம். மிளகின் பக்கத்திலிருந்து பாருங்கள். அவளுக்கு ஒரு தெரு இருந்தது. எந்த டீக்கடையில் பொறை விழும், எந்த வீட்டு வாசலில் கல் வரும், எந்த நாயோடு படுக்கலாம் என்று ஒரு முழு ஊரே அவள் மூக்கில் எழுதப்பட்டிருந்தது. ஒரு நாள் பெரும் வலி. அடுத்து முன்பின் தெரியாத கைகள், கூண்டு, ஊசி, மருந்து வாடை. பிறகு இரண்டாம் மாடியில் ஒரு பெட்டி. தரையெல்லாம் வழுக்கும் டைல்ஸ். தலைக்கு மேல் எதுவோ சுழல்கிறது. சமையலறையில் எதுவோ சீறுகிறது, அரைக்கிறது. மண்ணே இல்லை. மண் இல்லாத இடத்தில் அவள் ஒருபோதும் சிறுநீர் கழித்ததில்லை என்பதால் முதல் நாள் கிட்டத்தட்ட இருபது மணி நேரம் அடக்கிக்கொண்டிருந்தாள். கீழேயிருந்து ஒரு தட்டில் மண் அள்ளி வந்து பால்கனியில் வைத்த பிறகுதான் போனாள். இந்த நிலையில் இருக்கும் ஓர் உயிர் யாருக்கு, எதற்கு நன்றி சொல்ல வேண்டும்?

அந்த வாரம் வீட்டுக்கு வந்த சித்தப்பா கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்து, “என்னடா, நன்றி கெட்ட நாயா இருக்கே” என்று சிரித்தார். சித்தப்பா நல்லவர், நாய்ப் பிரியர்தான். ஆனால் அந்தச் சொற்றொடரை எடுத்துப் பாருங்கள். ‘நன்றி கெட்ட நாயே’ என்று நாம் நாயைத் திட்டுவது அபூர்வம். வேலையை விட்டுப் போகிற ஆளை, கூலி உயர்த்திக் கேட்கிறவரை, வளர்த்துவிட்டவர் சொல் கேட்காத பெண்ணைத் திட்டுவோம். ‘நன்றியுள்ள நாய்’ என்ற பாராட்டும் ‘நன்றி கெட்ட நாய்’ என்ற வசவும் ஒரே கணக்குப் புத்தகத்தின் இரண்டு பக்கங்கள். சோறு போட்டவன் எழுதிய புத்தகம் அது.

செய்ந்நன்றி அறிதலுக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறாரே என்பீர்கள். ஒதுக்கியிருக்கிறார். அது பெற்றவனைப் பார்த்துப் பேசுகிறது. கொடுத்தவனைப் பார்த்துப் பேசும் அதிகாரம் ஒப்புரவறிதல். அது கைம்மாறு எதிர்பாராத மழையை முன்னுதாரணமாக வைத்துத் தொடங்குகிறது. முதல் அதிகாரத்தைக் கொடுத்தவனே கையில் எடுத்துக்கொண்டு பெற்றவனிடம் வசூலுக்குப் போவதுதான் நம் ஊர் வழக்கம்.

இந்த வசூல் மனநிலை நாயின் உடல்மொழியைப் படிக்க விடாமல் நம் கண்ணைக் கட்டிவிடுகிறது. வீட்டுக்கு வந்த முதல் நாட்களில் பல தெரு நாய்கள் அசையாமல் கிடக்கும். தொட்டால் தடுக்காது, தூக்கினால் துணி மாதிரி தொங்கும். “எவ்வளவு சமத்து பாருங்க!” என்று படம் எடுத்துப் போடுவார்கள். அட, அது சமத்து இல்லைங்க, பயத்தில் உறைந்து கிடக்கிறது. 1967இல் அமெரிக்காவில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நடத்திய கொடூரமான சோதனை இன்றும் உளவியல் பாடத்தில் இருக்கிறது. தப்பிக்க வழியில்லாமல் மின்னதிர்ச்சி வாங்கிய நாய்களில் பல, பிறகு வழி திறந்திருந்தபோதும் நகரவில்லை. எது செய்தாலும் ஒன்றும் மாறாது என்று கற்றுக்கொண்ட உடல் அப்படித்தான் கிடக்கும். அந்த ‘சமத்து’ கலைந்து, நாய் முதன்முதலாக உங்களைப் பார்த்து உறுமும் நாளில்தான் ஃபாஸ்டர் வீட்டார் பதறிப்போய்த் திருப்பி அனுப்புகிறார்கள். ‘வேண்டாம்’ என்று சொல்லலாம் என்ற தைரியம் அதற்கு வந்த நாள் அது.

நாய்கள் பேசிக்கொண்டேதான் இருக்கின்றன. தூக்கம் வராத நேரத்துக் கொட்டாவி, உணவில்லாதபோது உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, கண்ணின் வெள்ளை பிறை மாதிரி தெரிவது, எல்லாமே ‘கொஞ்சம் தள்ளிப் போ’ என்பதன் பாடபேதங்கள். நார்வேயைச் சேர்ந்த பயிற்சியாளர் டூரிட் ருகாஸ் இவற்றைத் தொகுத்துப் புத்தகமாகவே எழுதினார். நாம் இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, இல்லாத ஒன்றைப் படிக்கிறோம். தப்பு செய்த நாய் குற்ற உணர்வோடு பார்க்கிறது என்பது வீட்டுக்கு வீடு சொல்லப்படும் கதை. அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் இதைச் சோதித்தார். அந்தக் ‘குற்றப் பார்வை’ நாய் தப்பு செய்ததா இல்லையா என்பதைப் பொறுத்து வரவில்லை, உரிமையாளர் திட்டினாரா என்பதைப் பொறுத்து வந்தது. தப்பே செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் அதிகமாகத் தெரிந்தது. குற்ற உணர்வுக்கே இந்தக் கதி என்றால், வாலாட்டுவதை நன்றி என்று மொழிபெயர்த்தவர் யார்?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. “நீதான் தலைவன்னு காட்டணும் சார், இல்லேன்னா தலைக்கு மேல ஏறிடும்” என்று சங்கிலியை வெடுக்கென்று இழுக்கும் பயிற்சியாளர்கள். இந்தக் கருத்தின் வேர் ருடால்ஃப் ஷென்கெல் 1947இல் எழுதிய ஆய்வு. ஒன்றாக அடைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியது. அதை 1970இல் தன் புத்தகத்தின் மூலம் பரப்பிய டேவிட் மெக், காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், குட்டிகள் கொண்ட குடும்பம் என்று 1999இல் தானே திருத்தி எழுதினார். அறிவியல் தன்னைத் திருத்திக்கொண்டு கால் நூற்றாண்டு ஆகிறது. நம் ஊர்ச் சங்கிலிகள் இன்னும் அப்டேட் ஆகவில்லை.

‘அப்படியானால் நாய்க்கு மனிதர்மேல் ஒன்றுமே இல்லையா?’ இருக்கிறது. கொல்கத்தா ஐசரில் அனிந்திதா பத்ராவின் குழு தெரு நாய்களை ஆண்டுக்கணக்கில் கவனித்துவருகிறது. 2017இல் வெளியான அவர்களின் ஆய்வில், முன்பின் தெரியாத மனிதரை நம்புவதற்குத் தெரு நாய்களுக்கு உணவைவிடத் தடவிக்கொடுப்பதே அதிகம் உதவியது. என் வாதத்துக்கு எதிரானது போலத் தோன்றும். இல்லை. அந்த நாய்கள் தங்கள் தெருவில் இருந்தன. விரும்பினால் வரலாம், விரும்பினால் போகலாம். பூட்டிய கதவுக்குள் கட்டிலுக்கு அடியில் நீளும் கை வேறு. அதே குழு 2016இல் இன்னொன்றையும் சொன்னது. அவர்கள் தொடர்ந்து பார்த்த 364 தெருக் குட்டிகளில் ஏழு மாத வயதை எட்டியவை 19 விழுக்காடு மட்டுமே. சாவுகளில் பாதிக்கு மேல் மனிதர்களின் கை இருந்தது. இந்தக் கணக்கில் யார் யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

நாய்க்கடியைப் பற்றிப் பேசாமல் இதை எழுதுவது அயோக்கியத்தனம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் இந்தியாவில் ஆண்டுக்கு 18,000 முதல் 20,000 பேர் வெறிநாய்க்கடி நோயால் இறக்கிறார்கள். அவர்களில் குழந்தைகள் அதிகம். கடிபடுகிறவர் காரில் போகிறவர் அல்ல, நடந்து போகிறவர். அந்தக் கோபம் நியாயமானது. 2025 ஆகஸ்ட் 11இல் டெல்லித் தெரு நாய்களை எல்லாம் பிடித்து அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், ஆகஸ்ட் 22இல் அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து அதே இடத்தில் விடச் சொன்னது, வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் தவிர. நவம்பர் 7இல், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களில் பிடிபடுபவற்றை அங்கே திரும்ப விடக் கூடாது என்றது. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும், இனி வீடு தேவைப்படும் நாய்கள் கூடப்போகின்றன. தவறாகக் கையாளப்பட்டுப் பயம் முற்றிய நாய்தான் கடிக்கும் நாய். ஆகவே ஒரு நாயை ஒழுங்காக வீட்டுக்குப் பழக்குவது நாய்ப் பிரியர்களின் பொழுதுபோக்கு அல்ல, ஊர்ப் பாதுகாப்பு.

ஒழுங்காகப் பழக்குவது என்றால்? பெரும்பாலும் சும்மா இருப்பது. மிளகுக்காக நான் செய்ததில் முக்கால்வாசி செய்யாமல் இருந்ததுதான். வழுக்காமலிருக்கச் சாக்கு விரித்தேன். ஒரு மூலையை அவளுக்கென்று விட்டேன், அங்கே யாரும் கை நீட்டக் கூடாது. சாப்பாடு, மருந்து, பால்கனி, எல்லாம் தினமும் அதே நேரம். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிவதுதான் பயந்த உயிருக்கு முதல் மருந்து. மற்ற நேரம் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை. அவ்வப்போது வேகவைத்த கோழித் துண்டு ஒன்றைத் திரும்பிப் பார்க்காமல் பின்னால் வீசுவேன். பதினோராம் இரவு என் குதிகாலில் ஈர மூக்கு ஒன்று பட்டது. நான் திரும்பவில்லை. தொட அவள் அனுமதித்தது ஐந்தாம் வாரம். தொட்டு மூன்று விநாடியில் கையை எடுத்துவிடுவேன். வேண்டுமென்றால் அவளே நெருங்குவாள், வேண்டாமென்றால் போவாள். அந்தத் தேர்வு அவளிடம் இருப்பதுதான் முழு ரகசியமும். மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு வாய்ப்பாடு சொல்வார்கள். விதி கிடையாது, ஆனால் பொறுமைக்கு ஒரு நாட்காட்டியாக அது பரவாயில்லை.

நன்றிக்காக வாதாடுகிறவர்கள் கடைசியாக எடுத்துவருவது வரலாறு. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் 7ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது, மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தியது. கருந்தேவக்கத்தி என்ற வீரனின் கல். அவன் பக்கத்தில் ஒரு நாய் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்வரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்வெட்டு சொல்கிறது. பார்த்தீர்களா, நாயின் நன்றி என்பார்கள். கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். கல் நட்டது நாயா? நாய் தன் வேலையைச் செய்தது. அதைப் பெயர் சொல்லி நினைவில் வைத்து, உளியால் வெட்டிவைத்தவர்கள் மனிதர்கள். அந்தக் கல்லில் நன்றி என்று ஒன்று இருந்தால் அது ஊர்க்காரர்களுடையது.

ஆக, மீட்புக் குழு நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘பயந்து கிடந்தவள் இப்போது எப்படிக் கொஞ்சுகிறாள் பாருங்கள்’ என்று முப்பது விநாடி ரீல்ஸ் போடாதீர்கள். அதைப் பார்த்து வருகிறவர் முப்பது விநாடிக்குத்தான் தயாராக வருவார். கட்டிலின் அடியைப் படமெடுத்துப் போடுங்கள். இருட்டில் இரண்டு கண். ‘இருபதாம் நாள்’ என்று தலைப்பிடுங்கள்.

ஃபாஸ்டர் செய்ய நினைப்பவர்கள் உங்களை ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: என்னைக் கண்டுகொள்ளாத ஓர் உயிருடன் இரண்டு மாதம் ஒரே வீட்டில் என்னால் இருக்க முடியுமா? முடியாது என்றால் அதில் அவமானம் ஒன்றும் இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு அடிபட்ட நாயை ஏற்றிக்கொள்ள எந்த ஆட்டோவும் நிற்காது, உங்கள் காரை அனுப்பலாம். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய்க்கு மூன்று நான்கு வாரம் மாத்திரை வேண்டும், அதற்குப் பணம் கொடுக்கலாம். உங்கள் தெரு நாய்களின் கருத்தடைக்கு மாநகராட்சியை விடாமல் நச்சரிக்கலாம். முடியும் என்றால், சாக்கும் ஒரு தட்டு மண்ணும் எடுத்துவையுங்கள். முதல் வாரம் வாசற்கதவை மட்டும் ஜாக்கிரதையாகச் சாத்துங்கள், ஓடிவிடுவாள்.